காசு கொடுத்து வாங்கிய சைக்கிள், ஆனால் என்னுடையது இல்லையாம்

நடைவண்டி

வணக்கம். சட்டம் தெரிந்தவர்களும் தத்துவம் படிப்பவர்களும் இந்த இணைய மன்றத்தில் இருக்கிறீர்கள். இரண்டு தரப்பையும் சேர்த்தே கேட்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவரிடம் பழைய சைக்கிள் வாங்கினேன். அடிமாட்டு விலை இல்லை, அந்த நிலைமையில் இருந்த சைக்கிளுக்கு என்ன தருவார்களோ அதைத்தான் தந்தேன். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கி வைத்தேன். அப்போது செயின் துருப்பிடித்திருந்தது, பின் டயரில் நூல் தெரிந்தது. செயின், இரண்டு டயர், பிரேக் கட்டை, சீட் எல்லாம் மாற்றினேன். ஃப்ரேமை உப்புத்தாளால் தேய்த்து நானே பெயிண்ட் அடித்தேன்.

போன வாரம் ஒரு பெரியவர் வழிமறித்தார். கேரியரின் இடது கால் முன்பே ஒடிந்து பற்றவைத்தது. அந்தத் தழும்பை விரலால் தடவி, “இதை நான்தான் நின்னு பத்த வச்சேன். என் பொண்ணு சைக்கிள், திருடு போச்சு” என்றார். நான் நம்பவில்லை. மறுநாள் பழைய பில்லோடு வந்தார். பெடல் அச்சுக்கு அடியில் குத்தியிருக்கும் நம்பரும் பில்லில் இருந்த நம்பரும் ஒன்றுதான். விற்றவரின் போன் இப்போது உபயோகத்தில் இல்லை.

அவரும் பொய் சொல்லவில்லை, நானும் திருடவில்லை. அப்புறம் சைக்கிள் யாருடையது?

கறுப்பங்கி

கசப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி சைக்கிள் உங்களுடையது அல்ல. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவன் அடுத்தவனுக்குக் கொடுக்க முடியாது. ரோமச் சட்டத்திலிருந்து வரும் விதி இது. திருடனுக்கு உரிமை இல்லை, அவனிடம் வாங்கியவருக்கும் இல்லை. பத்து கை மாறினாலும் பத்தாவது கைக்கு வருவது வெறும் சைக்கிள்தான், உரிமை வராது. நல்லெண்ணத்தோடு வாங்கினீர்கள் என்பது உங்களைக் குற்றத்திலிருந்து காப்பாற்றும். சைக்கிளைக் காப்பாற்றாது.

ஆனால் இதே வழக்கு இத்தாலியில் நடந்திருந்தால் தீர்ப்பு வேறு மாதிரி போயிருக்கலாம். அந்த நாட்டுச் சிவில் சட்டத்தின் 1153ஆம் பிரிவு, நல்லெண்ணத்தோடு முறையாக வாங்கிப் பொருளும் கைக்கு வந்துவிட்டால், திருட்டுப் பொருளாகவே இருந்தாலும் வாங்கியவர் பக்கம் நிற்கிறது. ஜெர்மனி நடுவில் நிற்கிறது. நீங்களே நம்பி ஒருவனிடம் ஒப்படைத்த பொருளை அவன் விற்றுவிட்டால், தெரியாமல் வாங்கியவருக்கு அது சொந்தமாகிவிடும். திருடு போனது என்றால் ஆகாது. இங்கிலாந்தில் இன்னும் வேடிக்கை. அங்கீகரிக்கப்பட்ட திறந்த சந்தையில் சூரியன் உதித்து மறைவதற்குள் வாங்கினால் திருட்டுப் பொருளுக்கும் உரிமை கிடைக்கும் என்ற பழைய விதி ரொம்ப காலம் இருந்தது. 1994இல்தான் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதை எடுத்தது.

இங்கே நிரபராதிகள் இரண்டு பேர், நஷ்டம் ஒன்று. அதை யார் தலையில் கட்டுவது என்பதுதான் கேள்வி. ‘என்னுடையது’ என்பது பொருளுக்குள்ளேயே ஊறிக்கிடக்கும் குணம் என்றால் நாட்டு எல்லையைத் தாண்டியதும் மாறாதே.

நடைவண்டி

கறுப்பங்கி சார், அப்படியானால் இந்த இரண்டு வருஷம் நான் ஓட்டியது? எனக்கு எந்த உரிமையுமே இல்லையா?

கறுப்பங்கி

இருந்தது, இப்போதும் இருக்கிறது. அந்தக் குடும்பத்தைத் தவிர மற்ற எல்லார் மீதும்.

1722இல் லண்டனில் ஒரு வழக்கு. புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவனுக்கு ஒரு நகை கிடைத்தது. பொற்கொல்லர் கடையில் மதிப்புக் கேட்கப் போனான். எடை போடுவதுபோல் வாங்கிய கடைப்பையன் கற்களைக் கழற்றிக்கொண்டான். கடைக்காரர் ஏதோ சில்லறையை நீட்டினார். சிறுவன் வேண்டாம், நகையைத் தா என்றான். வெறும் கூட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். நகை அந்தப் பையனுடையது இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவன் ஜெயித்தான். கண்டெடுத்தவன் உண்மையான சொந்தக்காரர் ஆகிவிட மாட்டான், ஆனால் அவர் ஒருவரைத் தவிர உலகத்தில் யாரைவிடவும் அவனுக்கே உரிமை அதிகம் என்றது நீதிமன்றம்.

நீதிமன்றம் பெரும்பாலும் “இது யாருடையது” என்று கேட்பதில்லை. “உங்கள் இரண்டு பேரில் யாருடையது” என்றுதான் கேட்கிறது. வழியில் ஒருவன் உங்களைத் தள்ளிவிட்டுச் சைக்கிளைப் பறித்திருந்தால் சட்டம் உங்கள் பக்கம் நின்றிருக்கும்.

கிணற்றுத்தவளை

சட்டத்தைச் சார் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த உப்புத்தாள்தான் உறுத்துகிறது.

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் சொன்னது இதைத்தான். என் உடம்பு எனக்குச் சொந்தம், அதனால் என் உழைப்பும் எனக்குச் சொந்தம், யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றில் என் உழைப்பைக் கலந்தால் அதுவும் எனக்குச் சொந்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1974இல் அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் இதை ஒரே கேள்வியில் கவிழ்த்தார். என்னுடைய ஒரு டப்பா தக்காளிச் சாற்றைக் கடலில் ஊற்றிக் கலந்துவிட்டால் கடல் எனக்குச் சொந்தமாகிவிடுமா, இல்லை என் தக்காளிச் சாற்றைத் தொலைத்துவிட்டு நிற்கிறேனா? நோசிக் தனிச்சொத்துக்கு எதிரி அல்ல, அதற்காகவே வாதாடியவர். கேள்வி கூர்மையாக இருப்பது அதனால்தான்.

நம்மவர் சைக்கிளில் கலந்தது தக்காளிச் சாறா, உழைப்பா? லாக்கே கைவிடுவார் என்று நினைக்கிறேன். சைக்கிள் ‘யாருக்கும் சொந்தமில்லாத ஒன்று’ அல்லவே.

இதற்கு ரோமானியர்கள்தான் ஒழுங்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அடுத்தவன் திராட்சையில் நான் மது செய்தால் மது யாருக்கு? சபீனியர் என்ற குழு, மூலப்பொருளின் சொந்தக்காரனுக்கு என்றது. ப்ரோகுலியர் என்ற எதிர்க்குழு, செய்தவனுக்கு என்றது. ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத் தொகுப்பு ஒரு சமரசம் செய்தது. பழைய நிலைக்குத் திருப்ப முடிந்தால் மூலப்பொருள்காரனுக்கு, முடியாவிட்டால் செய்தவனுக்கு. தங்கக் கிண்ணத்தை உருக்கினால் மறுபடி தங்கம், அதனால் தங்கத்தின் சொந்தக்காரனுக்கு. மதுவைத் திரும்பத் திராட்சை ஆக்க முடியாது, அதனால் செய்தவனுக்கு.

அந்தக் கணக்கில் சீட்டையும் டயரையும் ஸ்பானர் வைத்துக் கழற்றலாம், கழற்றிக்கொள்ளுங்கள். பெயிண்ட்? அது போச்சு.

ஓரமாக நிற்பவன்

பஞ்சர் ஒட்டினவருக்கும் பங்கு உண்டா? மூணு ஒட்டு உள்ளே இருக்கும்ல?

வேலியில்லாதவன்

லாக் பேரை எடுத்ததால் வருகிறேன். அவர் வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த கரோலினா காலனியின் முதலாளிப் பிரபுக்களுக்குச் செயலாளராக இருந்தவர். ‘உழுதவனுக்கே நிலம்’ என்று நம் காதில் விழும் அதே வாதம், ‘உழாதவனுக்கு நிலம் இல்லை’ என்று திரும்பி அமெரிக்கப் பழங்குடிகள் மேல் பாய்ந்தது. வேட்டையாடியும் பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்ந்தும் வாழ்ந்தவர்களின் மண் ‘சும்மா கிடந்த மண்’ ஆகிவிட்டது.

ஆஸ்திரேலியாவில் 1788இல் குடியேற்றம் தொடங்கியது. அங்கே ஏற்கெனவே நிலத்துக்கு உரியவர்கள் இருந்தார்கள் என்று அந்த நாட்டு உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது 1992இல், மாபோ வழக்கில். அந்த வழக்கைத் தொடுத்த எடி மாபோ தீர்ப்புக்குச் சில மாதங்கள் முன்பே இறந்துவிட்டார். நடைவண்டி தோழரே, உங்கள் சைக்கிளுக்கு ஒரே வாரத்தில் பில் வந்துவிட்டது. கண்டத்துக்கு 200 வருஷம் பிடித்தது.

‘சொத்து என்பது திருட்டு’ என்று 1840இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ப்ரூதோன் எழுதியதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே மனிதர் பிற்பாடு சொத்துதான் சுதந்திரம் என்றும் எழுதினார். பலர் அதை முரண் என்பார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவன் தான் ஓட்டும் சைக்கிள் வேறு, ஆயிரம் சைக்கிளைப் பூட்டி வைத்து வாடகைக்கு விடுவது வேறு. முதலாவதில் பொருள் மேல் பிடி, இரண்டாவதில் மனிதன் மேல் பிடி.

கறுப்பங்கி

வேலியில்லாதவன் சொல்வதில் பாதி ஏற்பேன். பழைய திருட்டைக் காலம் கழுவிவிடுகிறதா என்பது சட்டத்தின் சங்கடமான மூலை. பல நாடுகளில் அடுத்தவர் நிலத்தைப் பகிரங்கமாக, இடைவிடாமல், குறித்த வருஷங்களுக்கு அனுபவித்தால் சொந்தக்காரர் வழக்குப் போடும் உரிமையே போய்விடும். இங்கிலாந்தில் பதிவு செய்த நிலத்துக்கு 2002ஆம் ஆண்டுச் சட்டம் அதை இறுக்கியது. 10 வருஷம் அனுபவித்தவர் விண்ணப்பித்தால் முதலில் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் போகும், அவர் ஆட்சேபித்தால் பெரும்பாலும் கதை முடிந்தது.

சைக்கிள் போன்ற பொருளுக்கு அங்கே 1980ஆம் ஆண்டுச் சட்டம். திருடனுக்கு ஆதரவாகக் காலம் ஓடாது. ஆனால் தெரியாமல் நல்லெண்ணத்தோடு ஒருவர் வாங்கிய நாளிலிருந்து 6 வருஷக் கடிகாரம் ஓடத் தொடங்கும். நம்ம ஆள் அந்தக் கணக்கில் 4 வருஷம் குறைவு.

நடைவண்டி

அந்தப் பெரியவர் 4 வருஷம் கழித்து அதே வழியில் வந்திருந்தால் சைக்கிள் எனக்கா? அதே தழும்பு, அதே பில் கையில் இருந்தாலும்? இது எனக்கு நியாயமாகவே படவில்லை, எனக்குச் சாதகமாக இருந்தாலும்.

சொல்லேருழவன்

நண்பர்களே, நம் மொழி இதில் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

இரவல் வாங்கிய புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் “என்னிடம்தான் இருக்கிறது” என்கிறோம். “எனக்கு ஒரு வீடு இருக்கிறது” என்கிறோம், “என்னிடம் வீடு இருக்கிறது” என்று பொதுவாகச் சொல்வதில்லை. “எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்” சரி, “என்னிடம் ஒரு தங்கை இருக்கிறாள்” என்றால் கேட்பவர் திடுக்கிடுவார். கைவசம் இருப்பதற்கு ஒரு வேற்றுமை உருபு, உறவாய் இருப்பதற்கு வேறொரு வேற்றுமை உருபு. நடைவண்டியிடம் சைக்கிள் இருந்தது. ஆனால் நடைவண்டிக்கு அது இருந்ததா?

இன்னொன்று. பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணத்தை ஒரு முதியவர் வந்து தடுத்து, “இவன் எனக்கு அடிமை” என்று வழக்காடும் இடம் நினைவிருக்கும். பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது என்பார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுவார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகும். அவையினர் கேட்கும் சான்று மூன்று: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. இந்த மூன்றில் ஒன்றைக் காட்டு என்பார்கள். அனுபோகம், பத்திரம், சாட்சி. கிழிந்தது படிதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று கிழவர் எடுத்து நீட்டுவார்.

12ஆம் நூற்றாண்டுக் காவியத்தில் வரும் இந்த மூன்றையும் இந்த இழையில் பொருத்திப் பாருங்கள். பில் ஆவணம். பற்றவைத்தவர் கிடைத்தால் அயலார் காட்சி. ஆட்சி மட்டும் நடைவண்டி பக்கம்.

கிணற்றுத்தவளை

ஐயா, அந்த வழக்கில் உடைமை ஒரு மனிதன் என்பதைத் தாண்டிப் போய்விட்டீர்களே! பக்திக் கதையாகப் படித்தால் உருகும். வழக்காகப் படித்தால், பேரனைப் பாட்டன் எழுதிக் கொடுக்கலாம் என்பதை அவையில் கடைசிவரை யாரும் கேள்வி கேட்கவில்லை. கடைசியில் விசாரணை ஓலை அசலா போலியா என்பதில்தான் வந்து நின்றது.

‘என் உடம்பு எனக்குச் சொந்தம்’ என்று லாக் தொடங்கியதும் அவ்வளவு எளிதில்லை. ஜான் மூர் என்பவரின் மண்ணீரலை மருத்துவர்கள் எடுத்தார்கள், அவருடைய செல்களிலிருந்து உருவாக்கியதற்கு அவர்களுடைய பல்கலைக்கழகம் காப்புரிமை பெற்றது. மூர் வழக்குப் போட்டார். 1990இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், அவரிடம் ஒப்புதல் கேட்காதது தவறுதான், ஆனால் வெளியே எடுத்த செல்கள் மேல் சொத்துரிமை கொண்டாட முடியாது என்றது. மருத்துவர் தரப்புக்குச் சொத்து, உடம்புக்காரருக்கு இல்லை. படித்தபோது இரண்டு நாள் மனசு சரியில்லை.

இரவுப்பணி

ஷிஃப்ட் நடுவில் படித்தேன். 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து இரண்டு மின்னூல்களைத் தொலைவிலிருந்தே அழித்தது. விற்பனைக்குப் போட்டவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். அழித்த புத்தகங்களில் ஒன்று, அரசே பழைய எழுத்துகளை அழிக்கும் கதையான ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ என்பதால் உலகமே சிரித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், நிறுவனர் மன்னிப்பும் கேட்டார்.

இது அச்சு அசலாக நடைவண்டி கேஸ்தான். விற்றவருக்கு உரிமை இல்லை, வாங்கியவருக்குத் தெரியாது. ஒரே வித்தியாசம், சைக்கிள் ராத்திரியோடு ராத்திரியாகத் தானாக மறையாது. ஒருவர் வந்து தழும்பைத் தடவிக் கேட்க வேண்டியிருந்தது. நீங்களும் “தரமாட்டேன்” என்று சொல்ல முடிந்தது.

‘வாங்கு’ என்று பட்டன் வைத்து உரிமத்தை மட்டும் விற்கிறோம். நான் அந்த மாதிரி பட்டனை எழுதுகிறவன், அதனால் சொல்கிறேன்.

கறுப்பங்கி

அதற்குத்தான் சட்டக் கல்லூரியில் விறகுக்கட்டு உவமை சொல்வார்கள். சொத்துரிமை ஒற்றைக் கட்டை இல்லை, ஒரு கட்டு. வைத்திருக்க ஒரு குச்சி, பயன்படுத்த ஒன்று, வருமானம் எடுக்க ஒன்று, விற்க, உயிலில் எழுத, அழிக்க, அடுத்தவனை உள்ளே விடாமல் தடுக்க. ஹோனரே என்ற சட்ட அறிஞர் 1961இல் பதினொன்று எண்ணினார். அதில் கடனுக்கு ஈடாக எடுத்துக்கொள்ளப்படக்கூடியது என்பதும், அடுத்தவருக்குக் கேடு செய்யப் பயன்படுத்தக் கூடாது என்பதும் உண்டு. சுமையும் கட்டுக்குள்தான். மின்னூல் வாங்கியவரிடம் இரண்டு மூன்று குச்சிதான் கொடுத்திருக்கிறார்கள்.

முற்றம்

மூணு நாளா படிக்கிறேன். ரோமாபுரி போனீங்க, ஆஸ்திரேலியா போனீங்க. அது ‘பொண்ணு சைக்கிள்’னு முதல் பதிவிலேயே இருக்கு. அந்தப் பொண்ணைக் கேட்கணும்னு ஒருத்தருக்கும் தோணலையே?

எங்க வீட்டுல அம்மா தையல் மெஷின் ஒண்ணு இருந்தது. அம்மா தைச்சு சம்பாதிச்சு வாங்கினது. பில் அப்பா பேர்ல. அம்மா போனப்புறம் அண்ணன் “அப்பா சொத்து, பங்கு போடணும்”னு சொன்னான். பதினஞ்சு வருஷம் அதுக்கு எண்ணெய் விட்டது நான். பாபின் கேஸ் எந்தப் பக்கம் திரும்பும்னு கூட அவனுக்குத் தெரியாது. மெஷின் இப்ப அவன் வீட்டுல டிவி வைக்கிற மேசையா இருக்கு. சொல்லேருழவன் ஐயா சொன்ன கணக்குல ஆட்சி எனக்கு, ஆவணம் அவனுக்கு.

இங்கிலாந்துல 1882இல் சட்டம் வரும்வரைக்கும் கல்யாணம் ஆன பொண்ணோட நகை, பணம், சம்பளம் எல்லாம் புருஷனோடதுன்னு இருந்ததாம். சம்பளம் மாதிரி சிலதுக்கு பன்னெண்டு வருஷம் முன்னாடி ஒரு சின்ன விலக்கு. “வீட்டுல எல்லாமே எல்லாருக்கும் பொது”ன்னு சொல்றவங்ககிட்ட நான் ஒண்ணுதான் கேட்பேன். பீரோ சாவி யார் இடுப்புல?

கறுப்பங்கி

முற்றம் அம்மா சொன்னது என் மூக்கை உடைத்துவிட்டது, நியாயமாகவே. அப்பா காசு கொடுத்து வாங்கி, ‘இது உனக்கு’ என்று கையில் ஒப்படைத்திருந்தால் அது தானம். கொடுக்கும் எண்ணமும் ஒப்படைப்பும் சேர்ந்துவிட்டால் பில் யார் பேரில் இருந்தாலும் பொருள் மகளுடையது. நடைவண்டி பேசவேண்டியது பெரியவரிடம் இல்லை.

நடைவண்டி

நேற்று அந்தப் பெண்ணிடம் பேசினேன். எழுதலாமா என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்பா இந்தப் பக்கமெல்லாம் வரமாட்டாராம்.

சைக்கிள் திருடு போகவே இல்லை. தோழி ஒருத்தி ஒரு வாரத்துக்கென்று கேட்டிருக்கிறாள், கொடுத்திருக்கிறார். தோழியின் அண்ணன் அதை விற்றுவிட்டான். அப்பா திட்டுவார் என்று திருடு போனதாகச் சொல்லியிருக்கிறார். அப்பா அதை நம்பி நாலு நாள் தெருத்தெருவாகத் தேடினாராம். அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

கறுப்பங்கி சார், நீங்கள் சொன்ன ஜெர்மனி ஞாபகம் வந்தது. ஒப்படைத்ததை விற்றால் எனக்கு, திருடியதை விற்றால் அவருக்கு. இது எது?

கறுப்பங்கி

அழகான சிக்கல். அவர் ஒப்படைத்தது தோழியிடம். விற்றது அண்ணன். தோழிக்குத் தெரியாமல் எடுத்தான் என்றால் அங்கேயும் அது தொலைந்த பொருள் கணக்குதான், உங்களுக்கு வராது. தோழியே சம்மதித்துக் கொடுத்திருந்தால் உங்கள் பக்கம் சாயும். முதல் பதிவில் நான் சொன்ன பொது விதிப்படி பார்த்தால் இந்த வித்தியாசமே தேவையில்லை, இரவல் வாங்கியவருக்கும் விற்கும் உரிமை கிடையாது. இரண்டு வழியிலும் பெண்ணுடையது.

நடைவண்டி

தோழியும் அவரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. அதைக் கேட்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“எனக்கு அது வேண்டாம், நீங்களே வச்சுக்குங்க. ஆனா அப்பாவுக்கு வேணும்” என்றார். உரிமை உள்ளவர் எனக்குக் கொடுக்கிறார், உரிமை இல்லாதவர் கேட்கிறார். எந்தப் பக்கம் போவது என்று சாயங்காலம் வரை யோசித்தேன்.

இன்று காலை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். பெரியவர் வாசலிலேயே உட்கார்ந்து பெடலைப் பின்பக்கம் சுற்றிப் பார்த்தார். “செயினுக்கு எண்ணெய் போதாது” என்றார். பெயிண்ட் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டயருக்கும் செயினுக்கும் பணம் எடுத்து வைத்திருந்தார், வாங்கிக்கொண்டேன். சீட்டை மட்டும் கழற்றச் சொன்னார், பழைய சீட் ஒன்றை எங்கிருந்தோ தேடி வைத்திருந்தார். என் சீட் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. விற்றவர் எழுதிக் கொடுத்த தாளை என்ன செய்வது?

கறுப்பங்கி

கிழிக்காதீர்கள். விற்றவன் கிடைத்தால் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க உங்களிடம் இருக்கும் ஒரே ஆவணம் அதுதான். மூல ஓலையைப் பத்திரமாக வையுங்கள், படி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓரமாக நிற்பவன்

எல்லாம் சரி, பஞ்சர் ஒட்டினவர்?

நடைவண்டி

நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க. அவருக்குக் கடைசி ஒட்டுக்கு இன்னும் பாக்கி இருக்கு. நாளைக்கு நடந்து போய்த்தான் கொடுக்கணும்.